முன் பிரேக்கைத் தொடாதே: ஓர் அறிவுரையின் மீதான விமர்சனம்

வழக்கமாக இங்கே புத்தகங்களையும் ஆய்வறிக்கைகளையும் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம். யார் எழுதியது என்று தெரியாது, எங்கும் அச்சானதாகவும் தெரியவில்லை. ஆனால் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட பெரும்பாலோர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

"வேகமாப் போறப்ப முன் பிரேக்கைத் தொடாத, தூக்கி அடிச்சிடும்."

எனக்கு இதைச் சொன்னது மாமா. அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் அதை அப்படியே என் தம்பிக்குச் சொன்னேன். அவன் சொன்ன பேச்சுக் கேட்கிற பையன். மூன்று வருடம் ஓட்டினான், முன் பிரேக் லீவரில் விரலே வைத்ததில்லை.

2009இல் ஒரு நாள் சாயங்காலம், பெரம்பலூர் பக்கம் ஒரு நேர்ச்சாலை. மழை இல்லை, மண் இல்லை, நல்ல தார் ரோடு. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வயல் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறியது. தம்பி ஐம்பதில் வந்திருக்கிறான். காலால் பிரேக்கை மிதித்தான், முழு பலத்தோடு. வண்டி நிற்கவில்லை. டிரெய்லரின் பக்கவாட்டில் போய் மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது. இரண்டு அறுவை சிகிச்சை. இன்றைக்கும் படி இறங்கும்போது அவன் கைப்பிடிச் சுவரைத் தேடுவதைப் பார்க்கிறேன்.

மறுநாள் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். ரோட்டில் டயர் கோடு ஒன்று கறுப்பாகக் கிடந்தது. முதலில் நேராக வந்து, பிறகு மெல்ல இடது பக்கம் வளைந்து, டிரெய்லர் நின்ற இடத்தில் முடிந்தது. ஒரே கோடு, பின் சக்கரத்துடையது. காலடியால் அளந்தேன். 31 காலடி. என் காலடி முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 23 மீட்டர்.

அன்றைக்கு அது எனக்கு வெறும் கோடு. அது என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. அந்தப் படிப்புதான் இந்தக் குறிப்பு.

முதலில் கணக்கு

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் நாம் முன்னால் சாய்கிறோம். பைக்கும் அப்படித்தான். பிரேக் போட்டதும் பின் சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் ஒரு பகுதி முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன் ஷாக் அமுங்குவது அதனால்தான்.

எவ்வளவு போகிறது என்பதைச் சாதாரணக் கூட்டல் கழித்தலிலேயே பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்று வைப்போம். இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1.3 மீட்டர். மொத்த எடையின் மையம் இரண்டுக்கும் நடுவில், தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில். சும்மா நிற்கும்போது முன்னால் 100 கிலோ, பின்னால் 100 கிலோ.

காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடிமானம், அதன் மேல் இருக்கும் பாரத்தில் 80 சதவீதம் என்று கொள்வோம். இரண்டு பிரேக்கையும் அந்த எல்லை வரை சரியாகப் பயன்படுத்தினால் முன் சக்கரத்தின் மேல் 180 கிலோ ஏறிவிடும். பின் சக்கரத்துக்கு மிச்சம் வெறும் 20 கிலோ. ஒரு அரிசி மூட்டையை விடக் குறைவு. அந்த இருபது கிலோ பாரத்தோடு ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம் வண்டியை நிறுத்தும் என்று நம்பித்தான் நாம் காலால் மிதிக்கிறோம்.

இதே வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்பதற்குச் சுமார் 50 மீட்டர் ஆகும். முன் பிரேக் மட்டும் என்றால் 21 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் 18 மீட்டருக்குள். இவை பிரேக் பிடித்த பிறகான தூரம் மட்டுமே. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கையோ காலோ அசைவதற்கு ஆகும் ஒரு நொடியில் வண்டி இன்னொரு 16 அல்லது 17 மீட்டர் போயிருக்கும். அதை எந்தப் பிரேக்காலும் திரும்ப வாங்க முடியாது.

வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டரை மடங்குக்கும் மேலான வித்தியாசம் வண்டியை மாற்றினால் காணாமல் போய்விடாது.

அந்தக் கோடு சொன்னது

தூரம் அதிகமானது பாதி விஷயம்தான். மறுபாதி, கோடு ஏன் வளைந்தது என்பது.

உருளும் சக்கரத்துக்குத் திசை உண்டு. முன்னால் எளிதாக உருளும், பக்கவாட்டில் தள்ளினால் எதிர்க்கும். லாக் ஆகிச் சறுக்கும் சக்கரத்துக்குத் திசையே கிடையாது. அதற்கு முன்பக்கமும் ஒன்றுதான், பக்கவாட்டும் ஒன்றுதான். டயரிடம் இருக்கிற மொத்தப் பிடிமானமும் சறுக்கலை எதிர்ப்பதிலேயே செலவாகிவிட்டதால் லேசான தள்ளலுக்கும் அது இடம் கொடுத்துவிடும்.

நம் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஆக, லாக் ஆன பின் சக்கரம் பெரும்பாலும் சரிவைப் பார்த்து, இடப்பக்கமாக வழுக்கிப் போகும். வண்டி கோணலாகத் திரும்பிவிடும். தம்பி டிரெய்லரில் நேராக மோதாமல் கோணலாகப் போய் மோதியது இப்படித்தான். வலது கால் அப்போதும் பிரேக் பெடல் மேலேயே இருந்தது.

"நிலையாக நிற்கும், தூக்கி அடிக்காது" என்ற உத்தரவாதத்தோடு நான் கொடுத்த அறிவுரை, வண்டியை நிறுத்தவும் இல்லை, நிலையாக வைக்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். ஐம்பதில் வந்த வண்டி, பின் பிரேக்கில் மட்டும் 23 மீட்டர் சறுக்கினால், மோதும்போது வேகம் கிட்டத்தட்ட 29 ஆக இருக்கும். அதே 23 மீட்டரில் இரண்டு பிரேக்கையும், திறமையாகக்கூட வேண்டாம், சுமாராகப் பிடித்திருந்தால்? ஈர ரோட்டில் கிடைக்கும் அளவுக்கான வேகக்குறைப்பு மட்டும் போதும் என்று வைத்தாலே வண்டி 20 மீட்டருக்குள் நின்றிருக்கும். மூன்று மீட்டர் மிச்சம். டிராக்டர்காரரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பான்.

அறிவுரையின் பக்க நியாயம்

ஒரு வாக்கியத்தை விமர்சிக்கும்போது அதன் நியாயத்தையும் கேட்க வேண்டும். மாமா முட்டாள் இல்லை. அவர் தலைமுறையின் அனுபவத்தில் இதற்கு இடம் இருந்தது.

முன் சக்கரம் லாக் ஆனால் விழுவது உறுதி என்பது உண்மைதான். பைக் நேராக நிற்பதற்குக் காரணம், நமக்கே தெரியாமல் ஹேண்டில்பாரை நொடிக்குப் பலமுறை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம் என்பது. சாய்கிற பக்கம் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்து வண்டியைத் தாங்குகிறோம். முன் சக்கரம் சறுக்க ஆரம்பித்துவிட்டால் இந்தத் திருத்தம் எதுவும் வேலை செய்யாது. பின் சக்கரம் லாக் ஆனால் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கலாம். முன் சக்கரம் அந்த அவகாசத்தைத் தராது.

அடுத்து, புதிதாக ஓட்டுகிறவர் மெதுவாகத் திரும்பும்போது, ஹேண்டில்பார் ஒரு பக்கம் ஒடிந்திருக்கும் நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சரிந்துவிடும். வீட்டு வாசலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி விழுந்தவர்கள்தான். முதல் வாரத்தில் இப்படி ஒருமுறை விழுந்தால் அந்தப் பயம் கடைசி வரைக்கும் போகாது.

மூன்றாவது, மண்ணும் சரளையும் கிடக்கும் கிராமத்து ரோடு. அங்கே முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும்.

இந்த மூன்றும் சரி. ஆனால் இவற்றிலிருந்து "தொடாதே" என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்? மண் ரோட்டையே எடுத்துக்கொள்வோம். பிடிமானம் 30 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று வைத்தால், நமது உதாரண வண்டியில் பிரேக்கின்போது முன்னால் 130 கிலோ, பின்னால் 70. பின் சக்கரத்தின் பங்கு கூடியிருக்கிறது, வாஸ்தவம். அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு வேலை முன் சக்கரத்துடையதுதான். மண்ணில் முன் பிரேக்கை மென்மையாகப் பிடிக்க வேண்டும் என்பது சரியான பாடம். தொடவே கூடாது என்பது அதை எளிமைப்படுத்தப் போய்த் தவறாகிப்போன பாடம்.

'தூக்கி அடிக்கும்' என்ற சொல்லையும் கொஞ்சம் சோதிக்கலாம். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆள் முன்னால் பறக்க வேண்டுமானால், நமது உதாரண வண்டியில் பிடிமானம் 100 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். சாதாரண டயர், சாதாரண ரோடு என்றால் அதற்கு முன்பே முன் சக்கரம் வழுக்கிவிடும். நல்ல டயர், டிஸ்க் பிரேக், உயரமான வண்டி, இறக்கம் எல்லாம் சேர்ந்தால் தூக்கும். ஆனால் நம் ஊர் 100 சிசி வண்டியில், கேபிள் இழுக்கும் டிரம் பிரேக்கில், 'தூக்கி அடித்தது' என்று சொல்லப்பட்ட விபத்துகளில் பல, முன் சக்கரம் லாக் ஆகிப் பக்கவாட்டில் விழுந்தவையாகத்தான் இருக்கும். விழுந்தவருக்கு எப்படி விழுந்தோம் என்று தெரியாது. பெயர் வைத்தது பார்த்தவர்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கண்ணாடி

இது நம் ஊர்க் கதை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தலைமையில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 1970களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த பைக் விபத்துகளை ஆராய்ந்தது. 900 விபத்துகளின் இடத்துக்கே நேரில் போய்த் தடயங்களைப் பார்த்தார்கள். அதோடு 3,600 போலீஸ் அறிக்கைகளையும் அலசினார்கள். அறிக்கை 1981இல் வெளியானது. ஹர்ட் அறிக்கை என்றால் உலகம் முழுக்க பைக் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்களுக்குத் தெரியும்.

அதில் ஒரு முடிவைப் படித்தபோது எனக்கு அந்த டயர் கோடு ஞாபகம் வந்தது. விபத்தைத் தவிர்க்க முயன்றவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தி லாக் செய்திருக்கிறார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நொடிக்கும் குறைவு. இன்னொரு முடிவு அதைவிட உறுத்தியது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவே ஓட்டப் பழகியவர்கள், அல்லது குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள்.

அதாவது என்னைப் போன்ற ஆட்களிடம் கற்றவர்கள்.

எட்டும், பதினொரு மீட்டரும்

சரி, வீட்டில் தவறாகச் சொல்லிக்கொடுத்தோம். அதைத் திருத்த வேண்டிய இடம் எது? லைசென்ஸ் கொடுக்கும் இடம்.

நான் லைசென்ஸ் எடுத்த நாளில் செய்தது, தரையில் காலை ஊன்றாமல் எட்டு போட்டது. தம்பியும் அதையேதான் செய்தான். எட்டு போடுவது கேலிக்குரிய விஷயம் இல்லை. மெதுவான வேகத்தில் சமநிலை, கிளட்ச் கட்டுப்பாடு, பார்வையைத் திருப்பும் பழக்கம் எல்லாம் அதில் தெரியும். ஆனால் எட்டு போட்டு யாரும் சாவதில்லை. ஆளைக் கொல்வது ஐம்பது அறுபதில் நிற்கத் தெரியாதது. அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பிரேக் லைட்டும் எரிகிறதா என்று பார்த்தார்கள். முன் பிரேக்கைப் பிடிக்கத் தெரியுமா என்று பார்க்கவில்லை.

ஜப்பானில் இதற்கென்றே தேர்வில் ஓர் உருப்படி இருக்கிறது. நடுத்தர, பெரிய பைக் உரிமத்துக்கு மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, குறியிட்ட இடத்திலிருந்து 11 மீட்டருக்குள் விழாமல் நிற்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் 14 மீட்டர். கோட்டைத் தாண்டினால் தோல்வி. இந்த 11 மீட்டரை நமது உதாரண வண்டிக்குப் பொருத்திப் பார்த்தேன். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் 40இலிருந்து நிற்க 22 மீட்டர் ஆகும். முன் பிரேக்கைத் தொடாதவர் அந்தத் தேர்வில் தேறவே முடியாது. ஓர் அறிவுரையை ஒழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிரிட்டனிலும் மைதானத் தேர்வில் குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிற்பதைக் காட்ட வேண்டும்.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். இவர்களில் எத்தனை பேர் பிரேக்கால் காப்பாற்றப்பட்டிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பேர் சாகும் நாட்டில், வேகமாக வரும் வண்டியை நிறுத்திக் காட்டு என்று கேட்காமலே என் கையிலும் தம்பி கையிலும் உரிமத்தைக் கொடுத்தார்கள்.

70-30 என்ற புது வேதம்

இப்போது நிலைமை மாறிவிட்டது, இணையத்தில் எல்லாரும் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். சில வீடியோக்களைப் பார்த்தேன். "முன் பிரேக் 70, பின் பிரேக் 30" என்கிறார்கள். பழைய வாக்கியத்தை விட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதிலும் ஒரு கோளாறு இருக்கிறது.

அந்த விகிதம் நிலையானது கிடையாது. நமது கணக்கிலேயே காய்ந்த தாரில் 90-10, பிடிமானம் 50 சதவீதமாகும் ஈரத்தில் 75-25, மண்ணில் 65-35. பின்னால் ஒருவரை உட்காரவைத்தால் பின் சக்கரத்தின் பங்கு கூடும். இதை எந்த மூளை ஆபத்து நேரத்தில் கணக்குப் போடும்? கையில் 70 சதவீதம் பிடித்தோமா 60 பிடித்தோமா என்று காட்ட அங்கே மீட்டரும் இல்லை.

வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுப்போவது, எவ்வளவு என்பதைவிட எப்படி என்பது முக்கியம் என்ற விஷயம். முன் சக்கரத்துக்கு 180 கிலோ பாரம் பிரேக் போட்ட பிறகுதான் வந்து சேர்கிறது. தொட்ட அந்தக் கணத்தில் அங்கே இருப்பது 100 கிலோதான். பாரம் வந்து சேர நொடியில் ஒரு சிறு பகுதி ஆகும். அதற்கு முன்பே லீவரை வெடுக்கென்று முழுதாக இழுத்தால், இன்னும் வராத பாரத்தை நம்பி பிரேக் வேலை செய்கிறது. சக்கரம் லாக் ஆகிறது, ஆள் விழுகிறார். "பாத்தியா, முன் பிரேக் பிடிச்சான், விழுந்தான்" என்று ஊர் சொல்கிறது. பழைய வாக்கியம் இப்படித்தான் புதுச் சாட்சிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் லேசாகப் பிடித்து, முன் ஷாக் அமுங்குவதை உணர்ந்து, அதன் பிறகு விரல்களை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது போல. இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிய வேண்டும் என்பதால்தான் பழக்கம் தேவைப்படுகிறது, அறிவுரை போதவில்லை.

இயந்திரம் பார்த்துக்கொள்ளுமா?

அப்படியானால் ஏபிஎஸ் இருக்கும் வண்டி வாங்கினால் தீர்ந்ததா? 1988இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் வந்த தொழில்நுட்பம் இது. சக்கரம் லாக் ஆகப் போவதை சென்சார் கண்டுபிடித்து, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. உயிர் காக்கும் பொருள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள்.

ஆனால் இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது வண்டிக்கும் பொருந்திய விதி, 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்குத்தான் ஏபிஎஸ் என்றது. அதற்குக் கீழே சிபிஎஸ் போதும். நம் வீடுகளில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை 125க்கு உட்பட்டவை. சிபிஎஸ்ஸில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். அவ்வளவுதான், லாக் ஆவதைத் தடுக்கும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. முன் பிரேக்கின் முழுப் பலமும் வேண்டுமென்றால் வலது கை வேலை செய்துதான் ஆக வேண்டும். சிபிஎஸ் நல்லதுதான். ஆனால் 'பின் பிரேக் போதும்' என்ற பழைய பழக்கத்தைத் திருத்தாமல் அதற்கு ஒரு முட்டுக்கொடுக்கிறது. 125க்கு மேற்பட்டவற்றிலும் பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் அங்கேயும் லாக் ஆகும்.

ஏபிஎஸ் லீவரைப் பிடிக்காதவரின் விரலைப் பிடித்து இழுக்காது. என் தம்பியின் வண்டியில் அன்றைக்கு ஏபிஎஸ் இருந்திருந்தால் பின் சக்கரம் லாக் ஆகாமல், வண்டி கோணாமல் போயிருக்கும். 23 மீட்டரில் நின்றிருக்காது.

நிலையாக நிறுத்துவது என்றால்

நான் படித்தது, பழகியது இரண்டையும் சேர்த்துச் சுருக்கமாக.

வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிமானத்தில் ஒரு பகுதி திரும்புவதற்கே செலவாகிறது. முழுப் பிரேக் வேண்டுமென்றால் முதலில் வண்டியை நிமிர்த்த வேண்டும், ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும்.

உடம்பின் பாரத்தைக் கையால் தாங்கக் கூடாது. பிரேக் பிடித்ததும் உடம்பு முன்னால் போகும். கையை விறைப்பாக ஊன்றினால் அந்தத் தள்ளல் ஹேண்டில்பாரில் இறங்கி, முன் சக்கரம் தானாகச் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்களைக் கெடுக்கும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையைத் தளர்த்தி வைக்க வேண்டும். வேகமாக பிரேக் பிடிக்கும்போது வண்டி ஆடுகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

கிளட்ச்சையும் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் இன்ஜின் இழுத்துக்கொண்டு நிற்கும், அல்லது கியர் குறைக்கும்போது பின் சக்கரம் உதறும்.

பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் அந்தப் பக்கமே போவோம்.

முன் சக்கரம் கீச்சென்று சறுக்கினால் உடனே லீவரை விட்டு, மறுபடி மென்மையாகப் பிடிக்க வேண்டும். பின் சக்கரம் லாக் ஆகி வண்டி கோணலாகிவிட்டால் நேர்மாறு: பெடலைச் சட்டென்று விடக் கூடாது. கோணலாக இருக்கும் சக்கரத்துக்குத் திடீரென்று பிடிமானம் கிடைத்தால் வண்டி வெட்டி நிமிர்ந்து ஆளை மறுபக்கம் தூக்கி எறியும். உண்மையிலேயே 'தூக்கி அடிப்பது' என்றால் அதுதான். அதைச் செய்வது பின் சக்கரம் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

திரும்பவும் சொல்லிக்கொடுப்பது

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் தம்பி மகள். பதினெட்டு முடிந்துவிட்டது, காலேஜுக்குப் போக ஸ்கூட்டர் வாங்கியாயிற்று. யார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று பேச்சு வந்தபோது தம்பி என்னைப் பார்த்துச் சொன்னான்: "நீயே சொல்லிக் குடு அண்ணே. இந்தத் தடவை சரியாச் சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு வெளியே, வீட்டுமனை போட்டு விற்காமல் கிடக்கும் இடத்தில் நல்ல தார் ரோடு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். ஹெல்மெட், ஷூ, கனமான ஜீன்ஸ். முதலில் ரோட்டைப் பெருக்கினோம். சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். 15இல் வந்து கோட்டில் நிற்கச் சொன்னேன், பிறகு 20, பிறகு 30. பயந்து வெடுக்கென்று பிடித்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து.

30இல் வந்து இடது கை லீவரை மட்டும் பிடித்தபோது 11 மீட்டர் போனாள். "இப்ப வலது கையும் சேத்துப் பிடி, மெதுவா ஆரம்பிச்சு இறுக்கு" என்றேன். முதல் தடவை கை போகவில்லை. "பெரியப்பா, அப்பா தொடக் கூடாதுன்னாரே?" என்றாள்.

தம்பி இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். கால் உடைந்த பிறகும். அவனுக்கு அதைச் சொன்னது நான்.

"அப்பாவுக்கு நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாவது முறையோ பதிமூன்றாவது முறையோ, 7 மீட்டரில் நின்றாள். முன் ஷாக் அமுங்கி, மெல்ல நிமிர்ந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். அளந்துவிட்டு, இன்னொரு தடவை அளந்தான்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இந்த வாக்கியத்தை யாருக்கோ சொல்லியிருப்பீர்கள். திரும்பிப் போய்த் திருத்துங்கள். வெறும் பேச்சால் திருந்தாது, காலியான ரோடு ஒன்றும் சாக்பீஸ் ஒன்றும் ஒரு காலை நேரமும் வேண்டும். நாங்கள் அடுத்த ஞாயிறும் போகிறோம். இந்த முறை 40. அதற்கடுத்து, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை.